டெவலப்பர்களுக்கான திறமூலக் கருவிகள்: தேடுவதும் பரிந்துரைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நல்ல ஓப்பன் சோர்ஸ் டூல் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் கல்லூரி மாணவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பரிந்துரைத்திருக்கும் கருவிகள் எல்லாம் நான் கையாண்டவை.

தேடலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் எரிச்சலிலிருந்து ஆரம்பியுங்கள். மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு, "சே, மறுபடியும் இதையா?" என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதி வையுங்கள். முதல்முறை நான் எழுதிய தாளில் இப்படி இருந்தது: ப்ராஜெக்ட் முழுக்க ஒரு சொல்லைத் தேடிப் பொறுமை போயிற்று. நேற்று அடித்த நீளமான கட்டளை இன்று நினைவில் இல்லை. ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) அனுப்பிய ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) ஒரே வரியில் வந்து கண் வலித்தது.

மூன்றுக்கும் யாரோ ஏற்கெனவே தீர்வு எழுதி வைத்திருந்தார்கள். முதலாவதுக்கு ரிப்கிரெப், இரண்டாவதுக்கு எஃப்இசட்எஃப், மூன்றாவதுக்கு ஜேக்யூ. "டாப் 50 கருவிகள்" வகைப் பட்டியல்களைப் பார்த்து நான் நிறுவியவற்றில் பாதியை இரண்டாம் முறை திறந்ததே இல்லை. வலி தெரிந்தபின் தேடிப் பிடித்தவை மட்டும் இன்றும் என் கணினியில் இருக்கின்றன.

அந்த ரிப்கிரெப்பில் அப்படி என்ன இருக்கிறது? கிரெப் போதாதா?

கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் அருமையான கருவி. கென் தாம்சன் எழுதியது. யூனிக்ஸில் 1970களிலிருந்தே இருக்கிறது. சிக்கல் நம் ப்ராஜெக்டுகளில்தான். ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டின் ஃபோல்டருக்குள் நின்று கிரெப்பை உள்ஃபோல்டர்கள் உட்பட ஓடவிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய கோடு (நிரல்) ஒரு மூலையில் இருக்கும். மற்றதெல்லாம் வெளியிலிருந்து இறக்கிய ஆயிரக்கணக்கான கோப்புகள். அவற்றில் ஒன்று வரிப்பிரிவுகளை நீக்கிச் சுருக்கிய கோப்பாக இருந்துவிட்டால் ஒரே வரி பல பக்கங்களுக்கு நீண்டு திரையை நிரப்பிவிடும். தேடிய சொல் எங்கோ மேலே போய்விடும்.

ரிப்கிரெப் உங்கள் கிட்இக்னோர் கோப்பைப் படிக்கிறது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியிடம் எதையெல்லாம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறீர்களோ அதையெல்லாம் தானும் ஒதுக்குகிறது. மறைந்த கோப்புகளையும் பைனரி கோப்புகளையும் தொடுவதில்லை. ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது. ஆர்ஜி என்ற இரண்டெழுத்துதான் கட்டளை. விஎஸ் கோடு எடிட்டரில் எல்லாக் கோப்புகளிலும் தேடும்போது உள்ளே ஓடுவதும் இதுதான், ஆகவே பலர் பெயர் தெரியாமலேயே இதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒதுக்குவது நல்லது, ஆனால் வழக்கமாக மறைந்தும் ஒதுக்கப்பட்டும் இருக்கும் என்வ் என்ற அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு மாறியைத் தேடும்போது அது "இல்லை" என்று நம்பிவிடுவோம். நான் ஒரு மதியம் முழுக்க இப்படி ஏமாந்திருக்கிறேன். யு என்ற ஆப்ஷனை ஒரு தடவை போட்டால் கிட்இக்னோரைப் பொருட்படுத்தாது, இரண்டு தடவை போட்டால் மறைந்த கோப்புகளுக்குள்ளும் போகும், மூன்று தடவை போட்டால் பைனரியையும் விடாது. இந்தக் கருவியை யாருக்குச் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கையை நம்பலாமா?

கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஸ்டார் என்பது பெரும்பாலும் "பிறகு பார்க்கலாம்" என்று பக்கத்தை மடித்து வைப்பது போலத்தான். பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று அது சொல்லாது. காசு கொடுத்து ஸ்டார் வாங்குபவர்களும் உண்டு.

நான் முதலில் திறப்பது மூடப்பட்ட இஷ்யூக்களின் (பயனர்கள் பதிந்த பிழைகள், கோரிக்கைகள்) பக்கம். பிழை சொல்ல வந்தவரிடம் பராமரிப்பவர் எப்படிப் பேசியிருக்கிறார், "இதைச் செய்ய மாட்டோம்" என்று சொல்ல நேர்ந்தபோது காரணம் சொன்னாரா என்று பார்ப்பேன். அப்புறம், கடைசிப் பத்து கமிட்டுகளும் (பதிந்த மாற்றங்கள்) ஒரே ஆளுடையவையா என்று. அப்புறம் கருவியின் அறிமுகக் கோப்பான ரீட்மீ. ரிப்கிரெப்பின் ரீட்மீயில் "இதை ஏன் பயன்படுத்தக் கூடாது" என்றே ஒரு பகுதி இருக்கிறது. தன் கருவி யாருக்குப் பொருந்தாது என்று எழுதி வைக்கிறவரை நான் நம்புவேன்.

கடைசி வெளியீடு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டால் அந்தக் கருவி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜேக்யூவின் 1.6 பதிப்பு 2018 நவம்பரில் வந்தது. அடுத்த 1.7 வர 2023 செப்டம்பர் ஆகிவிட்டது. இடையில் ஐந்து ஆண்டுகள் அமைதி. ஆனாலும் அந்த ஐந்து ஆண்டுகளும் அது எங்கெங்கோ சர்வர்களில் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு புதியவர்கள் பொறுப்பேற்று மீண்டும் நகர்த்தினார்கள்.

எக்ஸா கதை வேறு. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு மாற்றாக வண்ணமயமாக வந்த கருவி அது. பராமரிப்பு நின்றபோது அதன் ரீட்மீயிலேயே "இது இனிப் பராமரிக்கப்படாது, ஈசாவுக்குப் போங்கள்" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரி பயனருக்கு எவ்வளவு பெரிய உதவி!

செய்யும் வேலை சின்னதாக, முடிந்துபோனதாக இருந்தால் அமைதி பிரச்சினை இல்லை. நெட்வொர்க்கைத் தொடும் கருவி, கடவுச்சொல்லைக் கையாளும் கருவி, வெளியாள் அனுப்பும் கோப்பைத் திறக்கும் கருவி என்றால் ஐந்து ஆண்டு அமைதி கவலைக்குரியது.

இலவசமாகக் கிடைத்தால் அது திறமூலம்தானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் அலுவலகங்களில் அதிகச் சிக்கலை உண்டாக்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு எது திறமூலம் என்பதற்குப் பத்து அம்சங்கள் கொண்ட வரையறை வைத்திருக்கிறது. மூலநிரல் கிடைக்க வேண்டும், மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டும், "வணிகத்துக்குப் பயன்படுத்தாதே" என்பது போன்ற தடை இருக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் போன்ற உரிமங்கள் இதற்குள் வரும்.

இப்போது இரண்டு உதாரணங்கள். விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கும் நிரலுக்கு வேறு உரிமம். பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் வசதியும் அதில் இருக்கிறது. அதே மூலநிரலிலிருந்து அவை இல்லாமல் தொகுத்துத் தருவது விஎஸ்கோடியம். இரண்டாவது, மென்பொருளைத் தனிப்பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கர். அதன் எஞ்சின் திறமூலம். டாக்கர் டெஸ்க்டாப் அப்படியில்லை: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனம் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். "எல்லோரும் சும்மாதானே போட்டிருக்கிறார்கள்" என்று கம்பெனி லேப்டாப்பில் நிறுவிவிட்டு, தணிக்கை வரும்போது முழிக்க வேண்டாம்.

ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியத்தில்) லைசென்ஸ் கோப்பே இல்லையென்றால்? பொதுவெளியில் இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள முடியாது. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. "ஒரு உரிமம் சேர்க்க முடியுமா?" என்று இஷ்யூவில் மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் மறதியாகத்தான் விட்டிருப்பார்கள்.

ஜிபிஎல் கருவியைப் பயன்படுத்தினால் நம் கோடையும் வெளியிட வேண்டுமா?

பயன்படுத்துவதால் மட்டும் வேண்டியதில்லை. கிட் கூட ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருப்பதுதான். அதில் கமிட் செய்வதால் உங்கள் கோடு ஜிபிஎல் ஆகிவிடுவதில்லை. ஜிபிஎல் நிரலை உங்கள் மென்பொருளுக்குள் சேர்த்து மற்றவர்களுக்கு விநியோகிக்கும்போதுதான் கோடை வெளியிடும் கடமை வருகிறது. அதன் இன்னொரு வகையான ஏஜிபிஎல் என்றால் நெட்வொர்க் வழியாகச் சேவை தருவதும் கணக்கில் வரும். அப்போது உங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுவிடுங்கள்.

இன்று திறமூலமாக இருப்பது நாளை மாறிவிடுமா?

மாறியிருக்கிறது. சர்வர்களைக் கோடு எழுதி அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் திறமூல உரிமத்தை விட்டு விலகியது. அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபூ பிறந்தது. தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் 2024 மார்ச்சில் அதேபோல விலக, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ வந்தது. அடுத்த ஆண்டே ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் கையில் முழு உரிமையும் இருக்கும் கருவியை ப்ராஜெக்டின் அஸ்திவாரத்தில் வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள். டெர்மினலில் ஓடும் சின்னக் கருவிகளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பை எப்படிப் பார்ப்பது? மூலநிரல் வெளியே இருக்கிறது என்றால் யாராவது பார்த்திருப்பார்கள் அல்லவா?

"யாராவது" என்ற அந்தச் சொல்லில்தான் ஆபத்து. எக்ஸ்இசட் நிகழ்வைச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும். பல ஆண்டுகளாக ஒருவரே அதைத் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, வெளியீட்டு உரிமையும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்றை ஒளித்து வைத்தார்.

அதை 2024 மார்ச்சில் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். அவர் அப்போது பாதுகாப்புச் சோதனை செய்துகொண்டிருக்கவில்லை. தன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு சுமார் அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். அந்தப் பின்கதவை இயக்கும் முக்கியமான துணுக்கு கிட் ரெப்போவில் இல்லை. வெளியிடப்பட்ட தொகுப்புக்குள் மட்டும் இருந்தது. ரெப்போவைப் படித்தவருக்கு முழுப் படமும் தெரிந்திருக்காது.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் பழக்கங்கள்: உபுண்டு, டெபியன் போன்றவற்றின் நிலையான பதிப்புக் களஞ்சியத்தில் ஒரு கருவி இருந்தால் அங்கிருந்தே நிறுவுவேன். எக்ஸ்இசட் விஷயத்தில் டெபியன் நிலையான பதிப்பில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், புதுப் பதிப்புகள் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. இணையத்திலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி நேராக ஷெல்லுக்குள் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஊற்றும் ஒருவரிக் கட்டளையை ஒட்ட மாட்டேன். முதலில் கோப்பாக இறக்கிப் படித்துப் பார்ப்பேன். பேக்கேஜ் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன்.

ஏஐ உதவியாளரிடம் கேட்டால் சொல்லிவிடாதா?

கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் இல்லாத பேக்கேஜின் பெயரை இருப்பதுபோல் அது சொல்வதுண்டு. அப்படி அடிக்கடி வரும் பொய்ப் பெயர்களைக் கவனித்து, அதே பெயரில் தீங்கான நிரலை ஏற்றிவைக்க முடியும். பதிலில் வந்த பெயரை அப்படியே நிறுவாமல் ரெப்போவைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, புதிதாக வருகிறவருக்கு எந்தக் கருவிகளைச் சொல்வீர்கள்?

முதலில் கிட். "அதுதான் தெரியுமே" என்பார்கள். அதிலுள்ள பைசெக்ட் கட்டளை தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலோர் தெரியாது என்பார்கள். போன மாதம் வேலை செய்த ஒரு பக்கம் இன்று உடைந்திருக்கிறது, நடுவில் 600 கமிட்டுகள் என்று வையுங்கள். நல்ல கமிட் எது, கெட்ட கமிட் எது என்று பைசெக்டிடம் சொன்னால், சரியாக நடுவில் உள்ள கமிட்டுக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். ஓட்டிப் பார்த்து "நல்லது" அல்லது "கெட்டது" என்கிறீர்கள். மிச்சம் 300. அடுத்து 150. அதிகபட்சம் பத்து தடவை சோதித்தால் உடைத்த கமிட் கைக்கு வந்துவிடும். சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் அந்தப் பத்து தடவையையும் அதுவே செய்துகொள்ளும், நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

இரண்டாவது ஷெல்செக். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் யாருக்கும் இதைக் கட்டாயம் சொல்வேன். ஒரு மாறியில் ஃபோல்டரின் பெயரை வைத்து, அதன்பின் சாய்கோடு போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் கட்டளை எழுதுகிறோம். ஏதோ காரணத்தால் அந்த மாறி காலியாக வந்தால் மிஞ்சுவது வெறும் சாய்கோடு, அதாவது மொத்த டிஸ்க். ஷெல்செக் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்து, அந்த வரியைக் காட்டி, மாறி காலியாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி எப்படி எழுதுவது என்றும் சொல்லித்தரும். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு வரி ஒரு டெஸ்ட் சர்வரையே துடைத்துவிட்டது. எழுதியது நான்தான். மறுநாள் காலையில் ஷெல்செக்கை நிறுவினேன்.

எஃப்இசட்எஃப் பற்றிச் சுருக்கமாக: நிறுவி, அதன் ரீட்மீயில் உள்ளபடி ஷெல்லோடு இணைத்தபின் கன்ட்ரோல் ஆர் அழுத்துங்கள். பழைய கட்டளையில் நினைவிருக்கும் இரண்டு துண்டுகளை எந்த வரிசையிலாவது அடித்தால் போதும்.

ஜேக்யூவுக்கு, ஜேசனைக் குழாய் (பைப்) வழியாக அனுப்பி ஒரே ஒரு புள்ளி போட்டால் அழகாக வரி வரியாகப் பிரித்துக் காட்டும். அந்தப் புள்ளியோடு நிறுத்தினால்கூட லாபம்தான். மற்றதை மெல்லக் கற்கலாம். "இந்தக் கட்டளைதான் வேகம்" என்று வாக்குவாதம் வந்தால் ஹைப்பர்ஃபைன்: பல தடவை ஓட்டி, சராசரியும் விலகலும் தரும். சின்ன ப்ராஜெக்டுக்கு டேட்டாபேஸ் வேண்டுமென்றால் எஸ்க்யூலைட், முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பில்.

உபுண்டுவில் ஒரு சின்னத் தடங்கல் உண்டு. கோப்புகளைத் தேடித் தரும் எஃப்டி, கோப்பை வண்ணத்தோடு காட்டும் பேட் என்ற இரண்டு நல்ல கருவிகளை நிறுவியபின் அந்தப் பெயரில் அழைத்தால் வராது. வேறு பேக்கேஜுகளோடு பெயர் மோதுவதால் எஃப்டிஃபைண்ட், பேட்கேட் என்று வைத்திருக்கிறார்கள். "நீங்க சொன்னது வேலை செய்யலை" என்று எனக்கு வரும் செய்திகளில் நிறைய இதுவே.

விண்டோஸில் இவையெல்லாம் ஓடுமா?

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை நேரடியாகவே ஓடும். விங்கெட் அல்லது ஸ்கூப் என்ற நிறுவல் கருவிகள் வழியாக நிறுவலாம். மிச்சத்துக்கு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்.

தமிழ்த் தரவோடு வேலை செய்யும்போது தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். எந்தக் கருவியையும் "தமிழ்" என்ற ஒரே சொல்லைக் கொடுத்துச் சோதியுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் மி என்பது மகரமும் இகரக் குறியும், ழ் என்பது ழகரமும் புள்ளியும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட் கணக்கு எடுத்தால் 15. ஒரு கருவி சொல்லைப் பத்து "எழுத்தில்" வெட்டுகிறது என்றால் எந்த எழுத்துக் கணக்கில் என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியோ கொம்போ தனியே அறுந்து விழும். தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. பிழை கண்டால் அந்தக் கருவியின் பராமரிப்பாளருக்கு இந்த மூன்றெழுத்துச் சொல்லையே உதாரணமாக அனுப்புங்கள். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், 3, 5, 15 என்ற எண்கள் புரியும்.

அலுவலகத்தில் ஒரு கருவியைப் பரிந்துரைத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. என்ன செய்வது?

குழுவில் சுட்டியைப் போட்டு "செம டூல், பாருங்க" என்று எழுதினால் கட்டைவிரல் வரும், பயன்பாடு வராது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது செய்வது: யாராவது லாக்கில் தேடித் திணறுவதைப் பார்த்தால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கணினியில், அவருடைய லாக்கில், ஒரே ஒரு தடவை செய்துகாட்டுவேன். அந்த ஒரு கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான். மறுவாரம் அவரே இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

எழுத்தில் பரிந்துரைப்பதாக இருந்தால் இவற்றை விடாமல் எழுதுங்கள்: எந்த வேலைக்காக எடுத்தேன், எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறேன், எங்கே காலை வாரியது, பிடிக்காவிட்டால் எப்படி நீக்குவது. ஒரு மாதமாவது தினசரி வேலையில் வைத்துப் பார்க்காத கருவியைச் சொல்ல வேண்டாம். முன்பொரு முறை, இரண்டே நாள் பார்த்துவிட்டு ஒரு பில்டு கருவியைக் குழு முழுக்கப் போட வைத்தேன். மூன்று வாரத்தில் அதன் குறைகள் தெரிந்தன. அதற்குள் எல்லோருடைய அமைப்புக் கோப்புகளும் மாறியிருந்தன. திரும்பப் பழையபடி ஆக்க நான்கு பேரின் இரண்டு நாட்கள் போயின. அவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஆறு மாதம் என் பரிந்துரை எதையும் யாரும் தொடவில்லை. அதில் நியாயம் இருந்தது.

தமிழில் கேட்க இடம் இருக்கிறதா?

இருக்கிறது. கணியம் அறக்கட்டளை கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே நிறைய எழுதி வெளியிடுகிறது. சென்னையில் ஐஎல்யுஜிசி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக், விழுப்புரத்தில் குனூ லினக்ஸ் பயனர் குழு என்று பயனர் குழுக்கள் உண்டு. "தப்பா கேட்டுடுவேனோ" என்று தயங்கவே வேண்டாம். இந்தக் குழுக்களில் பதில் சொல்கிறவர்களும் ஒரு காலத்தில் அதே கேள்வியோடு வந்தவர்கள்தான்.

பணம் கொடுக்க வசதி இல்லை. பயன்படுத்தும் கருவிக்கு வேறு எப்படி உதவலாம்?

நல்ல பிழை அறிக்கை ஒன்று பணத்துக்கு நிகர். கருவியின் பதிப்பு எண், இயங்குதளம், அடித்த கட்டளை, எதிர்பார்த்தது, வந்தது – இவ்வளவும் இருந்தால் பராமரிப்பவரின் ஒரு மாலை மிச்சம். ஆவணத்தில் புரியாத வரியைப் புரியும்படி திருத்தி அனுப்பலாம். புதிதாக வருகிறவரின் கண்ணுக்குத்தான் அந்த வரி தட்டுப்படும், பழகியவருக்குத் தெரியாது.

நான் முதன்முதலில் அனுப்பிய திருத்தம் ஓர் உதாரணக் கட்டளையில் விடுபட்ட ஒற்றை மேற்கோள்குறி. அனுப்பிவிட்டு இரவெல்லாம் யோசித்தேன், இதைப் போய் அனுப்பினோமே என்று. காலையில் அது ஏற்கப்பட்டிருந்தது. கீழே, மூன்று ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார்கள்.